வரச் சொன்னவர்

கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தளர்த்தி, செத்துக் கிடந்த அண்ணனின் வலது கட்டைவிரலை மட்டும் வெளியே இழுத்து, கலியாணசுந்தரம் அதை அவர் போனின் மேல் வைத்து அழுத்தினான். திறக்கவில்லை. விரலை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான்.

"என்னாத்துக்குப்பா அவர நோண்டிக்கினு இருக்க?" தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தில்லையம்மாள் கேட்டாள்.

"இன்னிக்கு எவனோ சைக்கிள்ல வரான்னு சொன்னீங்களே அண்ணி. வராதன்னு சொல்லணுமே. நம்பரு இதுலதான் இருக்குது."

"எவனோ இல்ல. பொம்பளயாம். கேரளாவாம்."

"யாரா இருந்தா என்னா? எழவு வூட்டுக்கா விருந்தாளி?"

போன் கடைசிவரை திறக்கவில்லை. அவன் விரலை உள்ளே வைத்துத் துணியை இறுக்கினான். "தெருமுனையில ஆள நிக்க வெச்சி அப்படியே திருப்பி அனுப்பிடலாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

தில்லையம்மாளின் புருஷன் தணிகாசலம் காலையில் அந்தப் பெண்ணுக்காகத்தான் பின்னறையைப் பெருக்கினார். புதுப் பாயை உதறி விரித்தார். குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார். பிறகு தறிப் பலகையில் வந்து உட்கார்ந்து, "மூச்சு வாங்குதுடி," என்றார். அவ்வளவுதான்.

சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வீட்டில் இடம் கொடுக்கிறவர்கள் பெயர் பதிகிற இடம் ஒன்று இணையத்தில் இருந்தது. யாரையோ பிடித்து அதில் அவர் தன் பெயரைச் சேர்த்த நாளில் தில்லையம்மாள் சண்டை போட்டாள்.

"சத்திரமா நடத்தறீங்க? ஊரு பேரு தெரியாதவன் ராத்திரியில கழுத்த அறுத்துட்டுப் போனா?"

"நம்ம வூட்ல அறுக்கறதுக்குத் தறியில பாவு நூலு மட்டுந்தான்டி இருக்குது," என்று அவர் சிரித்தார்.

அதற்கப்புறம் வந்துகொண்டே இருந்தார்கள். யாரிடமும் அவர் காசு வாங்கியதில்லை. வாசலில் நின்று கூப்பிடுவது அவர் வேலை. சமைப்பது இவள் வேலை. கூச்சத்தில் அவள் அடுப்படியை விட்டு வரமாட்டாள். திரும்பி வரும் தட்டைப் பார்த்துத்தான் வந்தவர்களைத் தெரிந்துகொண்டாள். கறிவேப்பிலையை ஒதுக்குகிறவர், ரசத்தைக் குடிக்கிறவர், தட்டைக் கழுவியே கொடுக்கிறவர். முகம் ஒன்றையும் நேராகப் பார்த்ததில்லை.

மதியம் ஐஸ் பெட்டி வந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். சொந்தக்காரர்கள் வரும்போது யாரும் யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் அந்தச் சொல் கிடையாது. வந்தார்கள், அழுதார்கள், சொல்லாமல் எழுந்து போனார்கள். தில்லையம்மாளுக்கு அழுகை வந்து வந்து நின்றது. சங்குச் சத்தத்துக்கு நடுவில் அவள் காது தெருமுனையிலேயே இருந்தது. அவர் வரச் சொன்ன யாரும் இதுவரை இந்தத் தெருவிலிருந்து திரும்பிப் போனதில்லை. இன்றைக்குப் போய்விடுவாளோ.

பந்தலுக்கு அந்தப் பக்கம் திடீரென்று பேச்சு அடங்கியது.

"இங்க இல்லம்மா, போங்க. சாவு ஆயிடுச்சி. போங்க போங்க," என்று தெருமுனையில் நிறுத்தியிருந்த ஆள் யாரையோ விரட்டினான்.

தில்லையம்மாள் எழுந்தாள். பக்கத்து வீட்டு வடிவு முந்தானையைப் பிடித்தாள்.

"எங்கக்கா போற? உக்காரு. நான் பாத்துக்கறேன். எங்க வூட்ல வேணா ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவட்டும்."

"உடுடி."

பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த முடி தலைக்கவசத்துக்கு வெளியே ஒட்டிக் கிடந்தது. முழங்கால்வரை புழுதி. சைக்கிளின் இரண்டு பக்கமும் மூட்டை. வெயிலில் உதடு வெடித்திருந்தது. பந்தலையும் பறையையும் பார்த்து எல்லாம் புரிந்து முகம் கலங்கியிருந்தது. ஆனாலும் சிரிப்பு அதில் முழுதாக அணைந்திருக்கவில்லை. பாலக்காட்டிலிருந்து இத்தனை தூரமும், முன்பின் பார்க்காத ஒருவர் வீட்டில் தனக்கு இடம் இருக்கிறது என்று நம்பி வந்த சிரிப்பு அது. தில்லையம்மாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று அவர் பார்த்தது இதைத்தானா?

"சேச்சி, நான் ஓமனா. எனக்குத் தெரியாது. தாமல் ஏரிகிட்ட எதிர்க்காத்து, லேட் ஆயி. ராத்திரிகூட மெசேஜ் போட்டார் சார்." அவள் சைக்கிளைத் திருப்பினாள். "நான் போறேன். மன்னிக்கணும்."

"போவாதீங்க," என்றாள் தில்லையம்மாள். "வாங்க. உள்ள வாங்க."

பறை அடிப்பவர் கூடக் கையை நிறுத்தினார்.

"அண்ணி," கலியாணசுந்தரம் குரலைத் தாழ்த்தினான். "எழவு வூட்டு வாசல்ல நின்னு வான்னு கூப்பிடறீங்களே."

"நான் கூப்பிடலப்பா. அவரு நேத்தே கூப்ட்டாச்சி. அவங்க வராங்க."

அவன் பந்தல் கம்பத்தை ஒட்டியிருந்த நாற்காலிகளை நகர்த்தி சைக்கிளுக்கு வழிவிட்டான்.

ஓமனா பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டாள். தனக்கு இடம் கொடுத்த மனிதரின் முகத்தைக் கண்ணாடி வழியாக முதல் முறையாகப் பார்த்தாள். அழவில்லை. வெகுநேரம் பார்த்தாள். அப்போதுதான் தில்லையம்மாளுக்கு அழுகை வந்தது.

நாலு மணிக்கு எடுத்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் தலை முழுகினார்கள். வடிவு வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வந்தன. ஒரு தட்டில் போட்டுக்கொண்டு தில்லையம்மாள் பின்னறைக்குப் போனாள்.

ஓமனா அவர் விரித்த பாயில் தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு, ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெளிச்சம் அந்தப் பெண்ணின் பாதங்களில் விழுந்தது. ஆடுசதை விட்டு விட்டுத் துடித்தது. வலது கால் லேசாக நீண்டது, மடங்கியது. பிறகு இடது கால். தூக்கத்திலும் அவள் மிதித்துக்கொண்டிருந்தாள்.