வண்டியில் ஒரு பழுது வேண்டும்

பூட்டு என்பது அவருடைய பேர் இல்லை. தண்ணீர்க் குழாய்க்குக்கூடப் பூட்டுப் போட்டு வைக்கிற ஆளுக்குத் தெருக்காரர்கள் வைத்த பேர். காதில் விழுந்தாலும் அவர் கோபப்பட மாட்டார். திருட்டுப் போகாத வீடு இந்தத் தெருவில் தன்னுடையது ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பூட்டு, மனைவி செத்த பிறகு, தினமும் காலையில் தோட்ட டிராக்டரை எடுத்து வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். குள்ளமான பழைய வண்டி. வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் கத்தி. இந்த மாதிரி வண்டி செய்வதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஓட்டி ஓட்டிப் புல் எல்லாம் போய் மண் தெரிந்தது. அப்புறமும் ஓட்டினார். புழுதி கிளம்பிப் பக்கத்து வீட்டுக் கொடித் துணியில் படிந்தது. துக்க வீடாயிற்றே என்று பக்கத்து வீட்டுக்காரி வாயை மூடிக்கொண்டாள்.

அவர் புல் வெட்டவில்லை. ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது வருவதாயில்லை.

கடைசியில் மச்சினனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி. சின்ன எஞ்சின், பம்ப்செட்டு எல்லாம் பிரித்து மாட்டுகிற பட்டறை வைத்திருக்கிறவன். இத்தனை வருஷத்தில் அவனை இந்த வண்டியில் கை வைக்க விட்டதில்லை. நன்றாக ஓடுகிறதைக் கெடுத்துவிட்டு அப்புறம் சரிபண்ணித் தருகிற கூட்டம் என்பது மெக்கானிக்குகளைப் பற்றி அவருடைய தீர்மானம்.

"என்னத்தான், அதிசயமா இருக்கு. என் கை பட்டா வண்டி கருகிடும்னுல்ல இருந்தீங்க" என்று கேட்டுக்கொண்டே பையை இறக்கினான்.

"வாயை அப்புறம் வெச்சுக்க. சத்தம் வருது. என்னன்னு பாரு."

மச்சினன் எஞ்சினைக் கிளப்பினான். அது சீராக உறுமியது.

"எங்க வருது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கு என்னிக்குக் காது கேட்டுச்சு. நல்லாப் பாரு."

நீளத் திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, டாக்டர் நெஞ்சைப் பார்ப்பது மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்டான். கத்தியை ஓடவிட்டுக் கேட்டான், நிறுத்திக் கேட்டான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் எஞ்சினை ஓடவிட்டான். பெல்ட் சுற்றுகிற புல்லியைப் பிடித்து ஆட்டினான்; இம்மிகூட ஆடவில்லை. ஆயிலை இறக்கி அதில் காந்தத்தை விட்டு அலசினான். உள்ளே ஏதாவது தேய்ந்திருந்தால் இரும்புத் தூள் ஒட்டும். காந்தம் போன மாதிரியே வந்தது.

"அத்தான், நிஜமாச் சொல்றேன். பட்டறையில கிடக்கிற புது எஞ்சின்கூட இப்படி ஓடாது. ஒண்ணும் இல்லன்னு சொன்னா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. நீங்க என்னடான்னா மூஞ்சியத் தொங்கப் போடறீங்க."

"இருக்கணும்டா. ஏதாவது இருந்தே ஆகணும்."

"சரி, எப்பெல்லாம் வருது? சூடானப்புறமா? வண்டியத் திருப்பும்போதா?"

"ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு."

"எந்த இடத்துல?"

பூட்டு படுக்கையறைச் சன்னல் பக்கம் மோவாயை நீட்டினார்.

"எப்படி இருந்துச்சு?"

அவர் குனிந்து சக்கரத்து மூடியில் நகத்தால் தட்டிக் காட்டினார். டக் டக். கொஞ்சம் விட்டு இன்னொரு டக்.

கை துடைத்துக்கொண்டிருந்த மச்சினன் அப்படியே நின்றுவிட்டான். கடைசி நாட்களில் அக்காவுக்கு மூச்சு முட்டியது. குரல் அறையைத் தாண்டாது. ஆளைக் கூப்பிட வேண்டுமானால் எவர்சில்வர் டம்ளரால் சன்னல் கம்பியில் தட்டுவாள். டக் டக், கொஞ்சம் விட்டு டக். "என்னக்கா, தந்தி அடிக்கிறியா" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேலி பண்ணினவன் அவன்தான்.

"என்னிக்கு வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அன்னிக்குத்தான்."

அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும், எஞ்சின் போச்சு என்றுதான் பூட்டு நினைத்தார். நிறுத்திக் காது கொடுத்தார். ஒன்றும் இல்லை. சனியன் பிடித்த வண்டி என்று திட்டிக்கொண்டே எஞ்சின் மூடியைத் திறந்தார், வயரை இழுத்துப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார். மறுபடியும் கிளப்பி, மிச்சப் புல்லையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். சன்னலுக்குக் கீழே டம்ளர் உருண்டு கிடந்தது. அவளுக்கு உயிர் இல்லை. அவ கூப்பிடவே இல்லையா என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். வண்டி சத்தத்தில் ஒண்ணும் கேக்கல என்று சொல்லிவிட்டார்.

எஞ்சினில் பழுது இருந்தால் அந்தச் சத்தம் எஞ்சினுடையது. இல்லாவிட்டால் யாருடையது என்பதை மனசுக்குள்கூட அவர் முழுசாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்கத்தான்" என்றான் மச்சினன், முகத்தைப் பார்க்காமல்.

பூட்டு போனார். அந்த வண்டிப் பக்கத்தில் இன்னொருத்தனைத் தனியாக விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை. சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பும்போது படுக்கையறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போகவில்லை. அன்றிலிருந்து கூடத்தில்தான் படுக்கிறார்.

வெளியே வந்தபோது மச்சினன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். "கண்டுபிடிச்சாச்சு. பெல்ட்டு மூடித் தகடு. போல்ட்டு லூசு. இந்தா பாருங்க." தகட்டை ஆட்டினான். டக் டக் என்றது. "மேட்டுல ஏறி இறங்கினா மட்டும் அடிக்கும். சன்னல் கிட்ட ஒரு மேடு இருக்கில்ல, அதான்."

பூட்டு குனிந்து பார்த்தார். அந்த வண்டியில் உள்ள ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும், அதை ஒட்டின இரும்பிலும் சேர்த்து, மஞ்சள் பெயிண்டால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். யாராவது திருகினால் கோடு விலகிவிடும். தினமும் வண்டியை எடுக்கும்முன் எல்லாக் கோட்டையும் பார்ப்பார். இன்று காலையிலும் பார்த்தார், ஒன்றுகூட விலகவில்லை. அவர் கண் முன்னால் யாரும் தொடாத தகட்டுப் போல்ட்டில் இப்போது கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. மச்சினன் கையிலிருந்த ஸ்பேனரின் வாயில் மஞ்சளாகத் துளி ஒட்டியிருந்தது.

அவனை ஏறிட்டுப் பார்த்தார். கிரீஸ் அப்பின முகத்தில் கண் சிவந்திருந்தது. செத்தது அவன் கூடப் பிறந்தவள். எங்கக்கா கூப்பிட்டப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே என்று சட்டையைப் பிடிக்க அவனைவிட உரிமைப்பட்டவன் யாரும் இல்லை. அவன் அதைக் கேட்காமல் ஒரு போல்ட்டைத் திருகி வைத்திருக்கிறான். தன் பொருளைத் தொட்டவனையெல்லாம் திருடன் என்றே சொல்லிப் பழகினவருக்கு இவனை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"ஆமா, லூசுதான்" என்றார். "இறுக்கிடு மாப்ளே."

அவன் இறுக்கினான். ஆயிலை ஊற்றி, பெல்ட்டை மாட்டினான். "இனிமே வராதுத்தான். ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க."

பூட்டு ஏறி உட்கார்ந்து கிளப்பினார். வண்டி குலுங்காமல் போனது. வீட்டின் பக்கவாட்டில் திரும்பிப் படுக்கையறைச் சன்னலுக்கு நேராக வந்தபோது கேட்டது.

டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.

எஞ்சினை நிறுத்தினார். அன்றைக்கு இதே இடத்தில் கை நேராக எஞ்சின் மூடிக்குத்தான் போயிற்று. இன்று போகவில்லை. இறங்கினார்.

மச்சினன் ஸ்பேனரோடு ஓடி வந்தான். "என்னத்தான், மறுபடியுமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நீ இங்கயே இரு. எஞ்சின்ல ஒண்ணும் இல்ல."

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனார். மச்சினன் ஒரு கை வண்டி மேல் இருக்க, சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே படுக்கையறைக் கதவு திறக்கிற சத்தம் வந்தது. "வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று அவர் சொல்வது கேட்டது.