ஓரத்துத் துளை

பட்டறையில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். கணவனின் தம்பி அப்படிக் கூப்பிட்டு ஆரம்பித்தது. வெல்டருக்கும் லாரி டிரைவருக்கும்கூட அதுவே ஒட்டிக்கொண்டது. ஆர்டர் பிடிப்பதும் சரக்கை ஒப்படைப்பதும் அவள் பொறுப்பு. கணவன் வெளியே போய்க் கதவு, கைப்பிடி மாட்டுவான். பட்டறைக்குள் வெட்டுவதும் துளைப்பதும் தம்பி.

ஒரு கிடங்குக்கு நிறைய இரும்பு அலமாரி செய்யும் வேலை வந்தபோதுதான் மூச்சு முட்டியது. ஒவ்வொரு காலும் ஓர் ஆங்கிள், 'எல்' வடிவில் மடிந்த இரும்புச் சட்டம். ஒவ்வொரு ஆங்கிளிலும் மடிப்பை ஒட்டி வரிசையாகத் துளை. டிரில் முன்னால் நின்று நின்று தம்பியின் கால் வீங்கியது. கிடங்குக்காரர் போனில் கத்தினார். வெட்டு, துளை, மூலை வெட்டு எல்லாவற்றையும் ஒரே மிஷின் செய்யும் அயர்ன்வொர்க்கர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். எதை வாங்குவது என்பதில்தான் சண்டை.

தம்பிக்கு டன் பைத்தியம்; மிஷின் எத்தனை டன் அழுத்தும் என்பதுதான் அவன் கணக்கு. எதிர்த்தெருப் பட்டறையில் பெரிய மிஷின் வந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை.

"அதைவிடப் பெருசா எடுத்தாதான் அண்ணி மரியாதை."

"மரியாதையை எந்த ஆங்கிள்ல மாட்டப்போறே? நம்ம வேலைக்கு அதுல பாதி போதும்."

"நாளைக்குப் பெரிய வேலை வந்தா?"

"இன்னைக்கு வந்த வேலையே வாசல்ல நின்னு கத்துது."

கணவனைக் கேட்டால், "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றான். மதில்மேல் பூனைகூட என்றாவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

துளை வரவேண்டிய இடத்தைச் சாக்பீஸால் குறித்த ஆங்கிள் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, தம்பியோடு மிஷின் கடைக்குப் போனாள். விற்பனைக்காரர் தம்பிக்குத்தான் கைகொடுத்தார். கேள்வி அவள் கேட்டாள். பதில் தம்பிக்குப் போனது. தடித்த பட்டை ஒன்றை வெட்டிக் காட்டினார். அது தடாலென்று விழுந்ததும் தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"இந்தக் குறியில துளை போட்டுக் காட்டுங்க" என்று அவள் துண்டை நீட்டினாள்.

ஆங்கிளின் நிமிர்ந்த பக்கம், மேலிருந்து இறங்கித் துளைக்கும் பஞ்ச் உளியில் இடித்தது. திருப்பி வைத்தால் கீழே அந்த உளி இறங்கும் குழி அச்சான டையில் இடித்தது. எப்படி வைத்தாலும் குறி ஒரு விரல் அகலம் தள்ளியே நின்றது.

"துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமே சார்?"

"போல்ட்டு தள்ளிப் போகாதுங்க" என்றாள் அவள்.

"அதுக்கு ஓரம் சீவின டை தனியா இருக்கு. சார் சொன்னா வரவழைச்சிடலாம்."

அவள் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டாள்.

"ஒரு டைக்காக இப்படியா அண்ணி, மூஞ்சில அடிச்ச மாதிரி?" என்று பின்னாலேயே ஓடிவந்தான் தம்பி.

"நம்ம பொழப்பே அந்தத் துளைதான்டா!"

அடுத்த கடையில் மிஷினே இல்லை, படம்தான் இருந்தது. அதற்கடுத்த கடையில் சின்ன மிஷின் ஒன்றில் அந்த டையே மாட்டியிருந்தது. குறித்த இடத்தில் துளை சுத்தமாக விழுந்தது. "பொம்மை மாதிரி இருக்கு" என்றான் தம்பி. அவள் காதில் வாங்காமல் அங்கேயே ஆர்டர் கொடுத்தாள், அந்த டையோடு வேண்டுமென்று அழுத்திச் சொல்லி. அதன்பிறகு தம்பி தனியாகத்தான் சாப்பிட்டான்.

மிஷின் வந்தது. பெட்டியைப் பிரித்தால் சாதாரண டைதான் இருந்தது. கடைக்கு போன் செய்தாள்.

"அது தனி ஐட்டம்ங்க. வந்துடும்."

"எப்ப?"

"வந்துடும்ங்க."

"நான் அப்பவே நினைச்சேன்" என்றான் கணவன்.

"என்ன நினைச்சீங்க? நினைச்சதை அப்பவே சொல்ல வாய் வலிச்சுதா?"

அவன் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வெளிவேலைக்குக் கிளம்பிவிட்டான்.  தம்பி மிஷினுக்கு ஒயர் இழுத்து, ஆங்கிளை வெட்ட ஆரம்பித்தான். ஓர் அழுத்து, ஒரு துண்டு. ஆனால் வெட்டியதெல்லாம் டிரிலுக்கு முன்னால் மலையாகக் குவிந்தது.

மறுநாளும் "வந்துடும்" என்றார்கள். அவள் நேரே அந்தக் கடைக்குப் போய், காட்சிக்கு வைத்த மிஷினின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"இதுல இருக்கிறதைக் கழட்டிக் குடுங்க. எனக்கு வர்றது வந்ததும் நீங்க மாட்டிக்குங்க."

"அப்படியெல்லாம் கழட்ட முடியாதுங்க."

"அப்ப நான் இங்கதான் இருப்பேன். வர்றவங்க எல்லாருக்கும் நானே மிஷினை விளக்கிச் சொல்றேன்."

உள்ளே வந்த ஒருவரிடம், வராத டையின் கதையைச் சொல்லவும் தொடங்கினாள். அவர் பாதியிலேயே திரும்பிப் போய்விட்டார். கடைக்காரர் ஸ்பேனரை எடுத்தார்.

பட்டறைக்கு வந்து டையை நீட்டினாள். தம்பி அதை மாட்டி, ஓர் அலமாரிக் காலை வைத்து அழுத்தினான். துளைக்குள் போல்ட்டைச் செருகிப் பார்த்தான். அசையாமல் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிடங்குக்காரரின் போன். பேசி முடித்துவிட்டு அவள் போனை மேசைமேல் வைத்தாள்.

"என்னவாம் அண்ணி?"

"பாதி வேலையை எதிர்த்தெருவுக்குக் குடுத்துட்டாராம்."

தம்பி அடுத்த ஆங்கிளின் ஒரு முனையைத் தூக்கினான். 

"மீதிப் பாதியையாவது இன்னைக்கே முடிச்சிடலாம். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு ஆங்கிளின் மறுமுனையைத் தூக்கினாள்.