ரம்பத்தின் மறுமுனை

மறுமுனை பிடித்த கூட்டாளி நீலோ செத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆர்விட் மறுபடியும் ரம்பத்தின் கைப்பிடியைப் பிடித்து நின்றான்.

காட்டில் ஒருவன் செத்தால் அன்றைக்கு வேலை கிடையாது. ரம்பத்தை வெட்டிலேயே விட்டுவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். வாஷிங்டன் கடலோரக் காடுகளில் எந்த முதலாளியாலும் அசைக்க முடியாத வழக்கம் அது. 1918இல் போர் அதை அசைத்தது. பிரான்சில் பறக்கும் விமானங்களுக்கு இந்த ஸ்ப்ரூஸ் மரம்தான் எலும்பு என்று பட்டாள அதிகாரிகள் சாப்பாட்டுக் கொட்டகையில் கொடி கட்டிப் பேசினார்கள். போர் முடியும்வரை சாவுக்கும் வேலை நிற்காது என்று உறுதிமொழி கேட்டார்கள். முதலில் கை தூக்கியவன் ஆர்விட்தான். தயங்கி நின்ற நீலோவின் கையைப் பிடித்து உயர்த்தியவனும் அவனே. நாட்டுப்பற்று அப்படித் தலைக்கேறியிருந்தது.

இன்று காலை மேலே சிக்கியிருந்த காய்ந்த கிளை ஒன்று நீலோவின் மேல் விழுந்தது. அவனைப் பக்கத்து அடிமரத்தின் அருகே தார்ப்பாய் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். அவனை ஏற்றிப்போக ரயில் சாயங்காலம்தான் வரும்.

"பாதி அறுத்த மரம்டா. முடிச்சிட்டு அழு" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கிரேடி கீழே போனார். நீலோவின் இடத்துக்கு, மரம் வெட்டப் பட்டாளம் அனுப்பியிருந்த சிப்பாய்களில் ஒருவனான வெண்டலை அனுப்பினார்கள்.

மரத்தில் செருகிய பலகைகள் மேல் ஆளுக்கொரு பக்கம் ஏறி நின்றார்கள். மரத்தின் பருமனில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ரம்பம் மூச்சுத் திணறி வந்தது.

"ஏம்ப்பா, ரம்பத்து மேல சவாரியா பண்றே? இழுக்கறதோட உன் வேலை முடிஞ்சுது. நான் இழுக்கறப்போ விட்டுக் குடு!" என்று ஆர்விட் கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் ரம்பம் இலேசானது. நீளமான இழுப்பு, முடிவில் ஒரு சின்ன வெட்டு. அந்த இழுப்பு ஆர்விட்டின் தோளுக்கு நன்றாகத் தெரிந்த இழுப்பு.

"இப்பதான் வழிக்கு வந்திருக்கே" என்றான்.

"என்னையா கூப்டீங்கண்ணே?" குரல் கீழேயிருந்து வந்தது. வெண்டல் தரையில் நின்றான். "எண்ணெய் பாட்டில் எடுக்க இறங்கினேன்."

ரம்பம் போனது. திரும்பி வந்து ஆர்விட்டின் உள்ளங்கையை முட்டியது. மறுபக்கப் பலகையில் ஆளில்லை.

"நீலோ, போதும். விட்டுடுடா."

ரம்பம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? போர் முடியும்வரை என்றல்லவா நீலோவின் கையை இவன் பிடித்து உயர்த்தினான். எல்லாம் தன்னால் வந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"நீலோ! போர் முடிஞ்சுபோச்சுடா! முடிஞ்சுபோச்சு!"

ரம்பம் நின்றது.

கீழே யாரோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். "போர் முடிஞ்சுதாம்லே!" கூவல் சரிவுக்குச் சரிவு தாவியது. ரம்பங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, வெட்டிய மரங்களை இழுக்கும் நீராவி எஞ்சினும் ஓய்ந்தது. அதன்பின் காடு முழுக்க ஒரு சத்தமில்லை. சாவுக்கு வேலை நிற்கும் நாட்களில் இப்படித்தான் இருக்கும்.

ஆர்விட் இறங்கிப்போய்த் தார்ப்பாயின் அருகே உட்கார்ந்தான். கிரேடி திட்டிக்கொண்டே மேடேறி வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேரும்வரையாவது நீலோவுக்கு இந்த அமைதி இருக்கும்.

வெண்டல் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டே ஓடி வந்தான்.

"நிஜமாவாண்ணே? என் தம்பி அங்க பிரான்சுலதான் இருக்கான். அப்போ வந்துடுவான், இல்ல?"

ஆர்விட்டுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.