வேத்ரானாவைப் பிடித்துக்கொள்ளும் சட்டம்

நகரசபைப் படிவத்தில் கையெழுத்திட்ட மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு வேத்ரானாவின் பாதங்கள் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றன. அவள் லிப்னிக் நகரசபையின் குடிநீர் நிலையத்தில் பொறியாளர். பேருந்து நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவில் முதல்நாள் பனி கிடந்தது. அவள் நடந்துபோன பிறகும் அதில் ஒரு தடமும் இல்லை என்பதைப் பின்னால் வந்த தபால்காரர் கவனித்திருக்கிறார். காரணம் எளிமையானது. போர் முடிந்தபோது எழுதிய ஒப்பந்தம் லிப்னிக்கின் மண்ணை போஸ்னிய முஸ்லிம்களான போஷ்னியாக்குகள், செர்பியர், குரோஷியர் என்ற மூன்று மக்களுக்கும் கடைசிச் சாண்வரை பிரித்துக் கொடுத்திருந்தது. கூட்டிப் பார்த்தால் சரியாக நூறு சதவீதம். மீதி இல்லை என்பதை அப்போது பெருமையாகத்தான் சொன்னார்கள். ஏழு வருடம் கழித்து நகரசபை ஊழியர்கள் தொடங்கி ஊரார் எல்லோரும் தாம் எந்த மக்கள் என்று எழுதித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வேத்ரானாவின் அப்பா குரோஷியர், அம்மா போஷ்னியாக், கணவன் செர்பியன். அவள் நான்காவது கட்டத்தில், ‘மற்றவர்’ என்பதில், குறியிட்டாள். அந்தக் கட்டத்துக்கென்று மண் எதுவும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே அவள் மண்ணில் நிற்கவில்லை.

ஊரில் இப்படி மொத்தம் நாற்பத்தேழு பேர் என்று ஒரு கணக்கு. கடிகாரக் கடை வைத்திருந்த யூதர் கபில்யோ, பாலத்தடியில் இரண்டு ரோமா ஜிப்சிக் குடும்பங்கள், வேத்ரானாவைப் போலக் கலப்பில் பிறந்த சிலர். இவர்களோடு, படிவத்தில் கேலிக்காகச் ‘செவ்வாய்க் கிரகவாசி’ என்று எழுதிவிட்ட ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் அது வெறும் கேலி என்று மனுப் போட்டார். கேலியைத் திரும்பப் பெற மூன்று மக்களின் சம்மதமும் வேண்டும் என்று நாலு மாதத்தில் பதில் வந்தது. அதன்பின் அவர் உயரம் தாண்டச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். அளவுகோலில் ஒரு சாண் அவருக்குச் சாதகமாக இருப்பதாகப் பெற்றோர் புகார் கொடுத்திருந்தார்கள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிப்னிக்கில் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்து நடுவில் காற்று ஓடினால்தான் பயம். போருக்குப் பயப்படாதவர்களும் அதற்குப் பயப்படுவார்கள். வேத்ரானாவின் மாமியார் ஸ்தோயான்கா முதல் நாளே விஷயத்தின் சாரத்தைப் பிடித்துவிட்டாள்.

“காலுக்கு அடியில காத்து பூந்து போகுதுடி. கிட்னி போயிடும். கம்பளிக் காலுறை ரெண்டு போட்டுக்க.”

“நான் மிதக்கிறேன் அத்தை. நீங்க காலுறையப் பத்திப் பேசுறீங்க.”

“மிதக்குறவளுக்குத்தான் ரெண்டு. தரையில நிக்கிறவளுக்கு ஒண்ணு போதும்.”

வேத்ரானா இரண்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சிக்கல் அங்கேதான் இருந்தது. லிப்னிக்கின் பிரதான வால்வு நகரசபைக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஆஸ்திரியக்காரர்கள் காலத்து வார்ப்பிரும்பு, வண்டிச் சக்கரம் அளவு கைப்பிடி. நேராக மூடினால் உடைந்துவிடும். மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட்டு, உள்ளே தண்ணீர் மூச்சுவிடுவது மாறும்வரை பொறுத்து, அப்புறம் மூட வேண்டும். அந்த மாற்றம் காதில் கேட்பதில்லை, உள்ளங்கையில்தான் கேட்கும். போருக்கு முன் அதை அறிந்தவர்கள் ஐந்து பேர். போருக்குப் பின் வேத்ரானா மட்டும். வருடாந்தரத் திறன் சோதனையன்று அவள் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினாள். சக்கரம் நின்றது, வேத்ரானா சுற்றினாள். இரண்டரைச் சுற்று என்று சோதனைக் குறிப்பில் இருக்கிறது. ‘பணிக்கு உரிய உறுதி இல்லை’ என்று எழுதி அவளை முத்திரை அறைக்கு மாற்றினார்கள். அங்கே அவள் மூன்று மொழிகளில் ஒரே வாசகம் உள்ள மூன்று முத்திரைகளை ஒரே தாளில் குத்தினாள். மூன்றும் ஏறக்குறைய ஒரே மொழி என்பதால் வாசகங்களுக்குள் வித்தியாசம் காண்பது கடினம், ஆனால் ஒன்று விட்டுப்போனால் தாள் செல்லாது.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். வால்வைத் தன் கையால் திருப்ப வேண்டும். அதற்கு நிற்க ஒரு சாண் மண் வேண்டும்.

குடிநீர் நிலையத்துக்கு இயக்குநர்கள் மூவர்: போஷ்னியாக்குகளின் ஃபிக்ரெத், செர்பியரின் ராடோஸ்லாவ், குரோஷியரின் ஆன்தே. எட்டு மாதத்துக்கு ஒருவர் என்று முறை மாறுவார்கள். மூவரும் நல்ல மனிதர்கள். மூவரும் அடித்தளத்துக்கு இறங்கியதில்லை; முதலில் இறங்குவது யார் என்பது தீர்மானமாகாமல் இருந்தது. முத்திரை அறைக்கு மூவரும் தனித்தனியாக வந்து, செம்புக் கிண்ணியில் வந்த காபியைக் குடித்துக்கொண்டு, ஒரே யோசனையைச் சொன்னார்கள். ஃபிக்ரெத் சொன்னதைப் பக்கத்து மேசைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

“ஒரு கட்டம்தானே தங்கச்சி. உங்கம்மா எங்க ஆளு. அம்மா பக்கம் எழுதிடு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால தரைக்கு வந்துடுவே.”

“அப்பாவ என்ன செய்யறது?”

“அப்பாவ வீட்டுல வச்சுக்கோ. படிவத்துல எதுக்கு அவர?”

ஆன்தே அப்பா பக்கத்தையும், ராடோஸ்லாவ் கணவன் பக்கத்தையும் இதே அன்போடு சிபாரிசு செய்தார்கள். உதாரணத்துக்கும் ஆள் இருந்தார். நகரசபை உறுப்பினர் ஒருவர் மூன்று தேர்தலில் மூன்று மக்களாக நின்று மூன்று முறையும் வென்றவர்; ஊரிலேயே மிக அழுத்தமாகக் கால் பதித்து நடப்பவர் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை வேத்ரானா புதிய படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்து விழுந்ததும் அவள் குதிகால் சிமெண்டைத் தொட்டது. இரண்டு காலுறைகளையும் தாண்டி அதன் சில்லிப்பு ஏறியது. அந்தச் சில்லிப்பு அவளுக்கு இனித்தது. அடுத்த வரி அச்சிட்டிருந்தது: ‘மேற்கண்டது தவிர வேறெதுவும் நான் அல்ல என உறுதியளிக்கிறேன்.’ அங்கே பேனா நின்றது. சற்றுப் பொறுத்து அவள் பழைய உயரத்துக்குப் போனாள், படிவத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள், மிச்சமிருந்த முத்திரைகளைக் குத்தினாள்.

பிறகு வழக்குப் போட்டாள். தூரத்து நாட்டு நீதிமன்றம் ஒன்று ஆறு வருடம் யோசித்து, லிப்னிக் தன் சட்டத்தைச் சீர்திருத்தி மற்றவர்களுக்கும் நிற்க இடம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. லிப்னிக் தீர்ப்பை வரவேற்றது. எதிர்ப்பு ஒருவருக்கும் இல்லை. மண் யார் பங்கிலிருந்து போகும் என்பது மட்டும் பாக்கி. செர்பிய உறுப்பினர்கள் குப்பைமேட்டைத் தர முன்வந்தார்கள். குரோஷிய உறுப்பினர்கள் கல்குவாரியின் செங்குத்துச் சுவரை. போஷ்னியாக் உறுப்பினர்கள் ஆற்றின் நடுமேட்டை, கோடைக்கு மட்டும். ஒவ்வொரு யோசனையையும் ஏதாவது ஒரு மக்களின் உறுப்பினர்கள் ‘எங்கள் உயிர்நலனுக்கு ஆபத்து’ என்று தடுத்தார்கள். குப்பைமேடு விஷயத்தில் செர்பியர்கள் தாங்கள் கொடுத்ததைத் தாங்களே தடுத்தார்கள். வெளிநாட்டுத் தூதர் வந்து ஏரிக்கரை விடுதியில் பயிலரங்கு நடத்தினார். வண்ணத் தாள்களில் எல்லோரும் தங்கள் பயத்தை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். பயங்கள் ஒரே மாதிரி இருந்ததால் எது யாருடையது என்று சச்சரவு வந்தது. சீர்திருத்தத்துக்காக நடந்த அமர்வுகள் அறுபத்து மூன்று என்கிறது பதிவேடு. அறுபத்திரண்டு என்கிறார் காபி கொடுத்த அம்மாள். காபியை எண்ணியவர் அவர், அவரையே நம்பலாம்.

இது இப்படியிருக்க, ஒரு ஜனவரி பதினைந்தாம் தேதி, பகல் பன்னிரண்டுக்குச் சற்று முன், சந்தைத் தெருவில் பெரிய குழாய் வெடித்தது. தண்ணீர் மசூதி வாசலையும் இரண்டு தேவாலய வாசல்களையும் பாரபட்சமின்றி நனைத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடியது. மேட்டுத் தொட்டி மணிக்கு இத்தனை அடி என்று இறங்கியது. நாலு மணிக்கு மருத்துவமனைக் குழாய் வறண்டுவிடும் என்று வேத்ரானா முத்திரை அறையிலிருந்தே கணக்குப் போட்டாள். அன்று பன்னிரண்டு மணிக்குத்தான் இயக்குநர் முறை மாறும் நேரம். மூவரும் கோப்போடு அடித்தள வாசலில் நின்றார்கள்.

“இப்ப இயக்குநர் யாரு?” என்றாள் வேத்ரானா.

“நான் இல்ல. மணி பன்னிரண்டு அஞ்சு ஆச்சு,” என்றார் ஆன்தே.

“நானும் இன்னும் இல்ல,” என்றார் ராடோஸ்லாவ். “முறை மாற ஃபிக்ரெத்தும் கையெழுத்துப் போடணும்.”

“ஓய்வு அறை ஹீட்டர் விஷயம் முடியாம போடமாட்டேன்னு போன வாரமே சொல்லிட்டேன்,” என்றார் ஃபிக்ரெத்.

வேத்ரானா படிகளுக்கு மேலாக இறங்கி வால்விடம் போனாள். வேறு வழியில்லாமல் அவர்களும் இறங்கினார்கள். யார் முதலில் இறங்கியது என்பதில் இன்றுவரை மூன்று தகவல்.

“என்னைக் கீழ இழுத்துப் பிடிங்க. மூணு பேரும்.”

“யாரு எந்தக் கால?” என்றார் ராடோஸ்லாவ்.

“எந்தக் காலாவது.”

“அப்படிச் சொல்லிட முடியாது. வலது கால ஒருத்தர் பிடிச்சா நாளைக்குப் பேச்சு வரும். கால் ரெண்டு, நாங்க மூணு.”

“ஒருத்தர் இடுப்பப் பிடிங்க.”

“இடுப்புன்னா நடு. நடுவ எப்படிக் குடுக்கறது?” என்றார் ஃபிக்ரெத்.

“ஆன்தே, பிரசவ வார்டுல உங்க மருமக படுத்திருக்கா. சாயங்காலம் அவளுக்கு நடு எதுன்னு சொல்லிட்டு வாங்க.”

ஆன்தே சட்டைக் கையை மடித்துவிட்டார். “எட்டு நிமிஷத்துக்கு ஒருதடவ மாத்திக்கலாம்,” என்றார்.

லிப்னிக் வரலாற்றில் மிக விரைவாக எட்டப்பட்ட உடன்பாடு அது. வலது கால், இடது கால், இடுப்பு என்று முறை வைத்து அவர்கள் பிடித்துக்கொள்ள, வேத்ரானா ஒன்பது வருடத்துக்குப் பிறகு உள்ளங்கைகளைச் சக்கரத்தின்மேல் வைத்தாள். மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட்டாள். பொறுத்தாள். பழைய இரும்பு அவளை அடையாளம் கண்டுகொள்ள நேரம் எடுத்தது. நாற்பது நிமிடம், நான்கு முறை மாற்றம், வால்வு மூடியது. தொட்டியில் பாதி தண்ணீர் மிஞ்சியது. ஆன்தேயின் மருமகளுக்கு அன்று மாலை பெண் குழந்தை.

சீர்திருத்தம் அதற்குப் பிறகு மூன்றே மாதத்தில் நிறைவேறியது. நகரசபைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு இப்போது இப்படி இருக்கிறது: மற்றவர்களுக்கு மண் இல்லை, ஆனால் அலுவல் நேரத்தில் மூன்று மக்களாலும் சம அளவில் பிடிக்கப்படும் உரிமை உண்டு. வேத்ரானா குடிநீர் நிலையத்தின் ஒரே இயக்குநர் ஆனாள். முன்னாள் இயக்குநர்கள் மூவரும் அதே சம்பளம், அதே வண்டி, ஆளுக்கு இரண்டு உதவியாளர்களோடு பிடிப்பாளர்கள் ஆனார்கள். ஒரு பதவியும் குறையாததால் ஒரு தடையும் எழவில்லை. வெளிநாட்டுத் தூதர் தன் அறிக்கையில் ‘முன்னேற்றம்’ என்று எழுதினார். கேட்டது ஒரு சாண் மண், கிடைத்தது ஆறு கை என்று வேத்ரானா வீட்டில் சொன்னபோது ஸ்தோயான்கா பின்னலை நிறுத்தவில்லை.

“மூணு ஆம்பளைங்க காலப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க, சலிச்சுக்கறே. எனக்கு வாச்சவன் கல்யாணத்தன்னிக்குக்கூட என் கையப் பிடிக்கல. செருப்பத் தேடிட்டிருந்தான்.”

மூன்றாம் வருடம் அக்டோபரில் ஒரு புதிய விஷயம் தெரியவந்தது. வாராந்தர வியாழக்கிழமை வால்வுச் சோதனையின்போது வேத்ரானா சக்கரத்தைத் தள்ளியதும் நால்வரும் சேர்ந்து அதைச் சுற்றிவந்தார்கள், திருவிழா ராட்டினம்போல, மெதுவாக. பிடிப்பாளர்களின் பாதங்களும் தரையை விட்டிருந்தன. ஃபிக்ரெத்துக்கு மூன்று விரல்கடை, மற்ற இருவருக்கும் சற்று அதிகம். எப்போதிலிருந்து என்று அவர்கள் சொல்லவில்லை. சொன்னால் எந்த மக்களின் சார்பில் பிடிக்கிறோம் என்ற கேள்வி வரும் என்று ஆளுக்கு ஆள் மறைத்திருந்தார்கள். வேத்ரானா சக்கரத்தை விடாமல் மேலே குரல் கொடுத்தாள். உதவியாளர்கள் ஆறு பேரும் வந்து பிடிப்பாளர்களைப் பிடித்தார்கள். வால்வு திரும்பியது.

அடுத்த கோடையில் உதவியாளர்களும் எழும்பினார்கள். அவர்களைப் பிடிக்க எழுத்தர்கள் வந்தார்கள், எழுத்தர்களைப் பிடிக்க வரி கட்ட வந்தவர்கள். இப்போது வரிசை அடித்தளத்திலிருந்து படியேறி, முன்வாசல் வழியாகச் சதுக்கத்தைக் கடந்து, ரொட்டிக்கடைத் திருப்பத்துக்கு அப்பாலும் போகிறது. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, முன்னால் இருப்பவரின் இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி, மற்ற கையால் காபி வாங்கிக் குடிக்கிறார்கள். வரிசையின் கடைசியில் யாரோ ஒருவர் தரையில் நிற்கிறார். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பாது. அவர் எந்த மக்கள் என்று விசாரிப்பதில்லை என நகரசபை தீர்மானம் போட்டது. எதிர்த்து வாக்கு விழவில்லை. வியாழக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு வேத்ரானா உள்ளங்கைகளை இரும்பின்மேல் வைத்துப் பொறுத்திருந்து வால்வை மூடித் திறக்கிறாள், ஒன்பதரைக்குள் மேல்தெருவரை தண்ணீர் ஏறிவிடுகிறது.