வேலையை விடாத மருமகள்

ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் என் சீருடை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே மாமியார் நின்றாள். "அழுக்கா இருந்துச்சு, ஊறப்போட்டேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் கைக்குட்டையைக்கூடத் துவைத்துத் தராத மகராசி! ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. சீருடை இல்லாமல் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

மாமனாருக்கு லாட்டரி விழுந்த வாரமே இந்த வீட்டில் எல்லோரும் வேலையை விட்டார்கள். பென்ஷனுக்கு ஒன்றரை வருடம் இருக்கையில் மாமனார் வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி மேனேஜர் மேசையில் வீசிவிட்டு வந்தார். என் கணவர் பஸ் கண்டக்டர்; பையை டெப்போவில் ஒப்படைத்துவிட்டு டாக்ஸியில் வந்து இறங்கினார். மாமியார் தையல் மிஷினை யாருக்கோ தூக்கிக் கொடுத்தாள். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். லாட்டரி வீட்டு மருமகள் நோயாளிகளின் படுக்கை விரிப்பை மடிப்பதா என்று கூசினார்கள். விருந்தாளி வந்தால் என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். நான் ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. பகல் முழுக்க இவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு இஸ்திரி மிஷின் சூடு தேவலை என்றுதான் போனேன்.

பணத்தை எவனும் திருடவில்லை. மாடி கட்டினார்கள், கார் வாங்கினார்கள், சொந்தக்காரர்களிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல் அள்ளிக் கொடுத்தார்கள். சம்பளம் என்று ஒன்று பின்னால் வராத வீட்டில் போனது போனதுதான். இப்போது என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. தவணை கட்டாததால் காரை வங்கி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதை மீட்க என் பி.எஃப். பணம் வேண்டுமாம். நான் வேலையை விட்டால்தான் அது கைக்கு வரும்.

"மொத்தமா வர்ற காசை ஏன் அங்கேயே பூட்டி வைக்கணும்?" என்றார் கணவர்.

"அப்புறம் மாசா மாசம் யார் தருவா?"

"மாசா மாசம் வர்றதெல்லாம் ஒரு காசா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனார், "நமக்கு எதுவும் பெருசா வர்ற ராசி. அவளுக்கு அது புரியாதுப்பா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ராசிதான் நான் வாங்கித் தந்த கண்ணாடியப் போட்டுக்கிட்டு பேப்பர் படிக்குதா, மாமா?"

சீருடையை அலசி, முறுக்கிப் பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டேன்.

"காய்ச்சல் வரும்டி" என்றாள் மாமியார்.

"வரட்டும். சம்பளத்தோட லீவு இருக்கு."

கணவர் பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே வந்தார். "உங்க மேனேஜர்கிட்ட நானே பேசிக்கிறேன். நீ வாயைத் தொறக்காம நின்னா போதும்." பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் வந்தபோது வெளியே பார்த்தபடியே என்னைக் கைகாட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு குடுங்க" என்றேன்.

கண்டக்டர் என் கணவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். "விளையாடாத" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. நான் சில்லறையை எண்ணிக் கைப்பையில் போட்டு மூடினேன்.

கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். அவர் இறங்க, பஸ் நகர்ந்தது. ஆஸ்பத்திரி அங்கிருந்து நடக்கிற தூரம்தான். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று இருந்தும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பஸ் போகும் திசையிலேயே, ஆஸ்பத்திரிப் பக்கமாக, கையை வீசி வீசி நடந்து வந்துகொண்டிருந்தார். ஆள் சிறுத்துக்கொண்டே போனார், நடை நிற்கவில்லை.