கடைசிப் பல்

மாவு மில்லில் மூட்டை ஏற்றும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி உண்டு. ஆட்கள் அதற்கு வைத்த பெயர் கணக்கப்பிள்ளை. கம்பிவடம் எத்தனை சுற்று சுற்றியது என்று அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள் எண்ணிக்கொண்டே வரும். கூண்டு மூன்றாம் மாடித் தரைக்கு நேராக வந்ததும் மோட்டாரை நிறுத்திவிடும். இறங்குவதற்குக் கணக்கு வேண்டாம், தரை இருக்கிறது. ஏறுவதற்குத்தான் கணக்கு. ஏனென்றால் அந்தக் கூண்டுக்குக் கூரை கிடையாது, மூட்டைகளின் மேல் ஒருவன் உட்கார்ந்து போனால் அவன் தலைக்கும் மேலே இருக்கும் இரும்பு உத்திரத்துக்கும் நடுவே ஒன்றரை முழம்தான் இடம்.

அப்படி உட்கார்ந்து போகிறவன் ஃபிட்டரின் மைத்துனன், மனைவிக்குத் தம்பி. மில்லில் எல்லாருக்கும் அவன் குருவி. மாடிப்படி என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. ஆள் ஏறக் கூடாது என்று கூண்டில் எழுதி மாட்டியிருந்த பலகையிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு போவான்.

ஒரு நாள் கணக்கப்பிள்ளைக்குப் பல் கொட்டியது. கைக்கடிகாரம் அளவுள்ள பித்தளைச் சக்கரத்தில் பக்கம் பக்கமாக மூன்று பல் உடைந்திருந்தன. செய்து கொடுத்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நம்முடைய ஃபிட்டருக்கு நல்ல கைதான், ஆனால் வாய் அதைவிட நீளம்.

"இதுக்குப் போயா கவலைப்படறீங்க? நாப்பது பல்லு. வீட்லயே வெட்டித் தர்றேன்," என்றார்.

வீட்டில் பல் வெட்டுகிற கருவி ஒன்றுமே இல்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற ஆளும் இல்லை அவர்.

சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு மறைப்பு, அதில் ஒரு பழைய சின்ன லேத். உடைந்த டிரில் பிட் ஒன்றை எடுத்து, பழைய சக்கரத்தில் பிழைத்திருந்த இரண்டு பல்லுக்கு நடுவே கச்சிதமாக உட்காரும் வரை அரைத்தார். அதுதான் கட்டர். அதைச் சுழற்ற மனைவி கழித்துப் போட்டிருந்த தையல் மிஷின் மோட்டார். இவ்வளவும் ஒரே நாளில் ஆகிவிட்டது. பல் வெட்டுவது பெரிய காரியமில்லை. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே சக்கரத்தைச் சரியாக நாற்பதில் ஒரு பங்கு திருப்புவதுதான் காரியம். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சுற்றளவு நாற்பது இஞ்ச் வரும்படி ஒரு பெரிய மரவட்டத்தை இரும்பு ஸ்கேலில் அளந்து கடைந்தார். லேத்தின் பின்பக்கம் மாட்டினார். அதன் விளிம்பைச் சுற்றி ஒரு தையல் டேப்பை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஓர் இஞ்ச் திருப்பு, ஒரு வெட்டு.

டேப்புக்கு எங்கே போவது? மனைவி தையல்காரி. அவளுடைய பெட்டியின் அடியில் ஒன்று சுருண்டு கிடந்தது. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்துக்கொண்டார். கட்டின பெண்டாட்டியின் டேப்பை எடுக்க மனுப் போடவா வேண்டும் என்று அவருக்கு நினைப்பு.

ஒட்டும்போது கடைசி இஞ்சில் இரண்டு நூல் இடம் போதவில்லை. இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச். பசையின் ஈரத்தில் துணி கொஞ்சம் விரிந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இருக்கிற இடத்தில் அமுக்கி ஒட்டினார். நாற்பது வெட்டும் முடிந்து சக்கரத்தைக் கையில் எடுத்தபோது முப்பத்தொன்பது பல் அழகாக நின்றன, கடைசிப் பல் மட்டும் மெலிந்து நின்றது. கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் செய்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை. ஒரு பல் மெலிந்ததற்காக ஊர் கவிழ்ந்துவிடுமா என்று பிசிறை அரத்தால் தேய்த்து, மறுநாள் கொண்டுபோய் மாட்டிவிட்டார்.

லிஃப்ட் ஓடியது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, "நம்ம ஆளு கையால செஞ்சது," என்று காட்டினார்.

"எங்க அத்தான் பல் டாக்டருக்குப் படிச்சிருக்கணும்," என்றான் குருவி. அன்று முழுக்க ஃபிட்டருக்குத் தரையில் கால் பாவவில்லை.

கொஞ்ச நாள் போயிற்று. ஒரு மத்தியானம் குருவி போகிற போக்கில் சொன்னான்: "அத்தான், கூண்டு ஒரு விரக்கடை மேல நிக்குது. கால் தடுக்குது."

யாரும் இல்லாத நேரத்தில் ஃபிட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். மெலிந்த பல் இன்னும் மெலிந்திருந்தது. கனமான பாரத்தோடு மோட்டார் குலுக்கிக் கிளம்பும்போது, அந்த இடத்தில் மட்டும் சக்கரம் நழுவுகிறது. ஒரு பல் நழுவினால் கணக்கில் ஒன்று குறையும். கணக்கு குறைந்தால் கூண்டு ஒரு விரற்கடை மேலே போய் நிற்கும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சறுக்கினால் பரவாயில்லை, ஏறுவதுதான் ஆபத்து. சக்கரத்தை விரலால் ஒரு பல் திருப்பி வைத்து, பெட்டியை மூடி, கைகளைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி மறைப்புக்குள் வந்தவள் மரவட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"இந்த டேப் எங்க கிடைச்சுது?"

"உன் பெட்டியிலதான்."

"அடியில கிடந்ததா? அது நீண்டு போச்சுன்னுதானே ஒதுக்கி வச்சிருந்தேன். அதை வச்சு வெட்டுனதெல்லாம் தொளதொளன்னு வந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல, அப்படியே கிடந்துச்சு." அவள் டேப்பின் இணைப்பை விரலால் தடவினாள். "இதை வச்சா அந்தச் சக்கரத்தை வெட்டுனீங்க?"

"இல்ல. இது சும்மா பழகிப் பார்த்தது."

பொய் நாக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் நம்பிவிட்டாள். அவர் மரவட்டத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

மறுநாளே அவர் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மில் சில நாள் நின்றிருக்கும், ஆட்கள் வாய்க்குள் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புதான் அவருக்கு உத்திரத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இன்னொரு சக்கரத்தை ஒழுங்காக வெட்டிச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று நினைத்தார். தினமும் காலையில் மற்றவர்கள் வருமுன் கணக்கைச் சரிசெய்து வைத்தார். மத்தியானம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். அவர் கிளம்புவதற்குள்ளேயே ஒரு விரற்கடை மூன்றாகி, நாளுக்கு நாள் மூன்று ஒரு சாணாகிக்கொண்டிருந்தது. மனசு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் ஆபத்து சுவிட்சை நினைத்துக்கொள்வார். மூன்றாம் மாடிக்கு மேல் அப்படி ஒன்று உண்டு. கூண்டு ஒரு முழம் தாண்டினால் அதைத் தட்டி, மோட்டார் தானாக நின்றுவிடும். கணக்கப்பிள்ளை தூங்கினாலும் காவல்காரன் விழித்திருக்கிறான். அந்தத் தெம்பில்தான் அவர் சாப்பிட்டார், தூங்கினார்.

இந்த முறை துணி கிடையாது. புதுச் சைக்கிள் செயினில் நாற்பது கண்ணி எடுத்தார். கண்ணிக்குக் கண்ணி ஒரே அளவு, நீளாது, சுருங்காது. அது இறுக்கமாகச் சுற்றி முடிகிற அளவுக்கு இன்னொரு வட்டம் கடைந்து மாட்டினார். பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது குருவி ஒரு பை ஆரஞ்சோடு வந்து நின்றான்.

"வயித்துவலின்னாங்க. இங்க என்ன செய்றீங்க?"

"சும்மா இருந்தா வலி அதிகமாத் தெரியுது. அதான்."

குருவி ஆரஞ்சை உரித்துச் சுளைகளை அவரிடம் நீட்டினான். செயினையும் கட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். "நல்லாத்தானே ஓடுது. இன்னொண்ணு எதுக்கு?"

"கையிருப்புக்கு." ஃபிட்டர் தலையைத் தூக்கவில்லை. "மச்சான், நீ மூட்டை மேல உட்கார்ந்து போகாத. படியில போ."

"உங்க சக்கரம் இருக்கும்போது எனக்கென்ன பயம் அத்தான்?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. வாய் திறந்தது, ஆனால் ஆரஞ்சுச் சுளைதான் உள்ளே போனது. குருவி போன பிறகு மீதிப் பல்லையும் வெட்டினார். நாற்பதும் ஒன்றுபோல வந்திருந்தன. கடைசிப் பல்லை விரலால் தேடினால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

மறுநாள் சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வழியில் பஸ் நின்றுவிட்டது. அவர் மில்லுக்குள் நுழையும்போது ஆட்கள் வந்து, வேலையும் ஆரம்பமாகியிருந்தது. கூண்டு முதல் மாடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மூட்டைகளின் மேல் குருவியின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

கணக்கப்பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை. எண்ணும்போது பெட்டிக்குள் கேட்கும் அந்த மெல்லிய டிக் டிக் கேட்கவில்லை. கடைசிப் பல் முறிந்து விழுந்துவிட்டது என்று பெட்டியைத் திறக்காமலே அவருக்குத் தெரிந்தது. சரி, மேலே காவல்காரன் இருக்கிறான் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பொத்தானை அமுக்கு, நிறுத்து," என்றார் கீழே நின்ற ஆளிடம்.

"கணக்கு முடிஞ்சாத்தானே அது நிக்கும். பொத்தான் கிளப்பிவிட மட்டும்தான்."

"ஆபத்து சுவிட்ச் இருக்குல்ல?"

"அதுவா? நாலஞ்சு நாளா மத்தியானம் ஆனா சும்மா சும்மா நிறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்களும் இல்ல. உங்க சக்கரம் இருக்கும்போது இது எதுக்குன்னு குருவி கம்பி போட்டுக் கட்டிட்டான்."

ஃபிட்டர் ஓடினார். மெயின் சுவிட்ச் வாசல் சுவரில். நடுவில் மூட்டைகள், தள்ளுவண்டி, குனிந்து நின்ற ஒரு ஆள். எதன் மேல் மோதினார், யாரைத் தள்ளினார் என்று அவருக்குப் பிறகு ஞாபகம் இல்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மில் முழுக்க அடங்கிப்போயிற்று. பிறகுதான் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது. கூண்டு மூன்றாம் மாடியை எப்போதோ தாண்டியிருந்தது. உத்திரத்துக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. கால்களைக் காணவில்லை.

"மச்சான்," என்று கூப்பிட்டார்.

"படுத்துக்கிட்டேன் அத்தான்," என்று மேலிருந்து பதில் வந்தது. "மூக்குல இடிக்குது. வேற ஒண்ணும் இல்ல."

கீழே எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அதுவரை கூண்டையே பார்த்துக்கொண்டிருந்த பொத்தான்காரன் ஓடி வந்து ஃபிட்டரின் தோளைத் தட்டி, "பார்த்தீங்களா, உங்க சக்கரம் கடைசி நேரத்துல நிறுத்திடுச்சு," என்றான். சத்தம் கேட்டு வந்த முதலாளியும் தலையாட்டினார். "பழைய கிடங்கு லிஃப்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுத்துடு ஃபிட்டர்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் அவர் நினைத்தபடியே முடிந்திருக்கும்.

"சக்கரம் நிறுத்தல," என்றார் ஃபிட்டர். "நான்தான் மெயினை இழுத்தேன். அது மொதல்லேருந்தே கோணல். எனக்குத் தெரியும்."

குருவி மூட்டைகளுக்கு இடையே நெளிந்து, கூண்டின் விளிம்பைப் பிடித்து மூன்றாம் மாடியில் குதிக்கிற சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவரருகே வந்து எட்டிப் பார்த்தான்.

"எத்தனை நாளா தெரியும் அத்தான்?"

"பல்லு மெலிஞ்சது மொதல்லேருந்து. நழுவுறது ஒரு வாரமா."

"நேத்து ஆரஞ்சு தின்னுக்கிட்டு இருந்தப்பவும்?"

ஃபிட்டர் தலையை அசைத்தார். குருவி படி வழியாக இறங்கி வந்தான். மூக்கு நுனியில் துரு ஒட்டியிருந்தது. அவர் முன்னால் நிற்காமல் தாண்டிப் போய், வாசலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா," என்றான். அதற்குள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மில்லில் ஒரு மோட்டாரும் ஓடாததால் அவள் பேசியது ஃபிட்டருக்கே கேட்டது.

"என்னடா, ஏன் அழற? அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"