கிழக்கு வரப்பு நண்டு வளை

பகலில் தூங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். ஐம்பத்தெட்டு வயதுவரை நான் ஒரு நாள்கூடப் பகலில் கண்ணை மூடியதில்லை. பிள்ளை பெறப் படுத்ததைச் சேர்க்கக் கூடாது. மகன் வீட்டுக்கு, ஹேடோவுக்கு வந்த மூன்றாம் மாதம் அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டு முடித்ததும் பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். அங்கே தண்ணீர் டேங்க்குக்குப் பக்கத்தில் தகரம் போட்ட நிழல் கொஞ்சம் உண்டு. டேங்க்கில் முதுகை ஒட்டிப் படுத்தால் ஜில்லென்றிருக்கும். கீழே துறைமுகத்தில் கப்பல் ஊதும். கண் தானாகச் சொருகிவிடும்.

என் பெயர் ஒச்சம்மா. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெயர். அப்பா அங்கிருந்து மரம் வெட்டுகிற வேலைக்கு அந்தமான் வந்தவர். நான் பிறந்தது, வாக்கப்பட்டது, நெல் விளைவித்தது எல்லாம் அந்தமானின் வடகோடியில், திக்லிபூரில். பெயர் மட்டும்தான் மெயின்லேண்ட்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நான்கு வருஷம் தனியாளாக நிலத்தைப் பார்த்தேன். போன அறுவடையில் வரப்பில் வழுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. மகன் நந்தகுமார் ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவன் வந்து நின்று, "இனிமே ஒரு நாளும் உன்னய இங்க தனியா விடமாட்டேன்" என்று ஒரு பெட்டியையும் இரண்டு மூட்டை அரிசியையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தான். அது ஜனவரி மாதம்.

நிலம் அங்கேயே கிடந்தது. பக்கத்து நிலக்காரன் ஹரேன் வங்காளி. முப்பது வருஷப் பழக்கம். அவனுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு இந்தி அரைகுறை. இரண்டையும் கூட்டித்தான் இத்தனை வருஷமும் பேசினோம், சண்டையும் போட்டோம். அக்கா என்பதற்கு என்னை தீதி என்பான். ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "தீதி, ஒரு வருஷம் நான் உழுது, மறு வருஷம் நீ வந்து கேக்கறது வேணாம். குடுத்தா ஒரேயடியா குடு. இல்லே, நீயே வந்து உழு." முதல் மழைக்குள் அவனுக்குப் பதில் வேண்டும். மழை விழுந்தால் நாற்றங்கால் போட்டாக வேண்டுமே. வாரம் தவறாமல் போன் பண்ணுவான். நானும் வாரம் தவறாமல், "மழை வரட்டும், சொல்றேன்" என்பேன்.

என் மனசில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். எங்கள் நிலத்துக்குக் கிழக்கே கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடை ஒன்று இருக்கிறது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அது வரப்பு உயரத்துக்கு ஏறும். அந்த வரப்பில் தாழம்புதருக்கு அடியில் நண்டு வளை போடுகிற இடம் ஒன்று உண்டு. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடல் ஏறுவதற்கு முந்தின நாள் கையை விட்டுத் துழாவி, பழந்துணியும் தேங்காய் நாரும் களிமண்ணும் சேர்த்துத் திணித்து அடைக்க வேண்டும். விட்டால் உப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். அடுத்த வருஷம் பயிர் நுனி கருகி நிற்கும்.

அந்த இடம் எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். ஹரேனிடம் நான் மூச்சுவிடவில்லை. அவன் உழட்டுமே! ஒரு வருஷம் உப்பேறினால் தானாக, "தீதி, நீயே வந்துடு" என்று கெஞ்சுவான். அப்போது நான் மகராசி மாதிரி திரும்பிப் போவேன். முழங்கால் வலிக்கிற மகராசி. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹேடோவில் எங்கள் குவார்ட்டர்ஸில் நான்கு வீடுகள். கோடையில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். மோட்டார் போட்டு மாடி டேங்க்கை நிரப்பிக்கொண்டால் அடுத்த தண்ணீர் வரும்வரை நான்கு வீடும் அதை வைத்தே ஓட்ட வேண்டும். மருமகள் ஷோபனா காய் கழுவின தண்ணீரைக்கூடக் கீழே ஊற்றமாட்டாள். எனக்கோ முதலில் சிரிப்பாக வந்தது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை வெளியே விடுவதற்கு மல்லுக்கட்டினவள் நான். மழைக்காலத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டால் பயிர் அழுகும். தூக்கத்தில் மழைச் சத்தம் கேட்டாலே மண்வெட்டியைத் தேடுகிற கை இது.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றுதான் டேங்க்கை நிரப்பியிருந்தார்கள். நந்தகுமார் வேலைக்குப் போயிருந்தான். ஷோபனா ஆபீசில். வழக்கம்போல நான் டேங்க்கில் முதுகை ஒட்டிப் படுத்திருந்தேன். நிறைந்த டேங்க்குக்குள் தண்ணீர் ஆடுகிற சத்தம் முதுகு வழியாகக் கேட்டது. கப்பல் ஊதியது. பிறகு பார்த்தால் ஊதியது கப்பல் இல்லை, ஹரேன் வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்துச் சங்கு. நான் எங்கள் கிழக்கு வரப்பில் நின்றிருந்தேன். நெல் பால் பிடித்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியது. மழை தட்டத் தட்டத் தகரம் பாடியது. வயலில் ஏது தகரம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் பயிரின் இடுப்புக்கு ஏறியது, கழுத்துக்கு ஏறியது. கதிர்கள் மட்டும் மேலே மிதந்துகொண்டு என்னைப் பார்த்தன. எதிர் வரப்பில் என் வீட்டுக்காரர், தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, இருபத்தைந்து வயசுக்காரராக நின்றார். "என்னடி வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? மடையத் தொறடி!" என்று கத்தினார்.

ஓடினேன். முழங்கால் வலிக்கவே இல்லை. குனிந்து, கைக்குக் கிடைத்ததைப் பிடித்து, முழு பலத்தோடு திருகினேன். தண்ணீர் திபுதிபுவென்று வெளியே பாய்ந்தது. என் பாதத்தை நனைத்து, கணுக்காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அடடா, என்ன ஒரு ஆனந்தம்! பயிர் பிழைத்தது என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

"யாரு டேங்க்கத் தொறந்தது?"

கீழ்வீட்டுக் கேத்தரினின் குரல். தூத்துக்குடிக்காரி. அவள் குரல் கடற்கரையில் வளர்ந்தது, மூன்று மாடிக்கும் கேட்கும். கை நிறைய சோப்பு நுரையோடு படியேறி வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். என் கை டேங்க்கின் அடியில் இருந்த பெரிய வால்வின் மேல் இருந்தது. தகரத்தின் மேல் உண்மையாகவே மழை பெய்துகொண்டிருந்தது. முதல் மழை. கால் மணி நேரம் பெய்துவிட்டு அது நின்றும் போயிற்று. டேங்க்கைத் தட்டிப் பார்த்தேன். டங்கென்று வெறும் சத்தம்.

"என்னக்கா இப்படிப் பண்ணிப்போட்டிய?" என்றாள் கேத்தரின். நெல்லைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்!

அன்று சாயங்காலம் நான்கு வீட்டுக்காரர்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குக் கீழே உள்ள கிணற்றுக்கு இறங்கினார்கள். நானும் ஒரு குடத்தை எடுத்தேன். கேத்தரின் பிடுங்கிக்கொண்டாள். "நீங்க முட்டியும் ஒடஞ்சி உக்காந்தா அது வேற பாடு. சும்மா இரிங்கக்கா" என்றாள். அவளே ஒரு குடம் கொண்டுவந்து எங்கள் வாசலிலும் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நந்தகுமார் திட்டினான். வேலை விட்டு வந்ததும் மூன்று வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"ஒனக்கு இந்த ஊரு சரிப்படாதும்மா. நானே வந்து உழுறேன்னு ஹரேன்கிட்ட சொல்லிரு. லீவு போட்டு நானே கொண்டுபோயி விடுறேன்."

"கொஞ்சம் சும்மா இருங்க. அத்தை என்ன வேணும்னா பண்ணாங்க?" என்றாள் ஷோபனா. அவன் கேட்கவில்லை, குளிக்கத் தண்ணீரில்லாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான்கு மாதமாக இந்தப் பேச்சு அவன் வாயிலிருந்து வராதா என்று ஏங்கியவள் நான். வந்தது. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போ என்று சொல்லிப் போவதற்கா நான் ஆசைப்பட்டேன்? அது மட்டும் இல்லை, இன்னொன்றும் இருந்தது. அதை அப்போதுதான் கண்டுகொண்டேன். அங்கே மழை வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். இங்கே இவன் ஷிப்ட் முடிந்து படியேறுகிற செருப்புச் சத்தத்துக்குக் கிடக்கிறேன். அது கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராகும். இந்தச் சத்தம் இல்லாத வீட்டில் போய் மகராசியாக உட்கார்ந்து என்ன செய்ய? ஆனாலும் ரோஷம் விடுமா? போகத்தான் வேண்டும் என்று பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் தூங்கவில்லை. இனிமேல் அந்தப் பக்கமே தலை வைப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். மழை பிடித்தது. நேற்றுப் போலக் கண்ணாமூச்சி காட்டுகிற மழை இல்லை, இது நின்று பெய்கிற ஜாதி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாடியிலிருந்து விழுகிற குழாய்களில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டி, ரோட்டைத் தாண்டிக் கடலுக்கு ஓடியது. வீட்டுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை.

பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய சேலை இரண்டை உருவினேன். தேங்காய் உரித்த நார் சமையல்கட்டு மூலையில் கிடந்தது. பூந்தொட்டி மண்ணைக் கையோடு அள்ளிக்கொண்டேன். முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடிக்கு ஏறினேன். மாடியில் தண்ணீர் வெளியேறுகிற ஓட்டை நான்கு. ஒவ்வொன்றிலும் துணியை முறுக்கி, நாரைச் சுற்றி, மண்ணை அப்பிக் குத்தி இறக்கினேன். கை தானாகச் செய்தது. கேத்தரின் குடையோடு ஓடி வந்து, "இன்னைக்கு என்ன கூத்துக்கா?" என்றவள், பிறகு குடையை எறிந்துவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

தண்ணீர் நின்றது. மாடி முழுக்க ஒரு சாண் உயரத்துக்கு ஏறிப் பரந்தது. நேற்றைய மழை தரையைக் கழுவியிருந்ததால் தெளிவாகவே இருந்தது. நடவுக்குத் தண்ணீர் கட்டின வயல் மாதிரி, மூன்றாம் மாடியில், கைப்பிடிச் சுவருக்குள்ளே வானம் படுத்திருந்தது. தூரத்தில் கிரேன்கள் அதில் தலைகீழாக நின்றன. எந்தக் கிரேனில் என் மகன் இருக்கிறான் என்று தேடினேன். நேற்று நான் கண்டது கனவா, இது கனவா என்று ஒரு நொடி எனக்கே குழம்பிவிட்டது. நான்கு வீட்டுப் பெண்களும் பக்கெட்டும் குடமும் கொண்டுவந்து மொண்டு மொண்டு டேங்க்கிலும் ஊற்றினார்கள், வீட்டுக்கும் இறக்கினார்கள்.

"ஒரு சொட்டு கசியலயே! இத எங்கக்கா படிச்சிய?" என்றாள் கேத்தரின்.

"எங்க நெலத்துல நண்டு வளை அடைக்கிறது இப்படித்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. முப்பது வருஷத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கேத்தரின் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கெட்டை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஹரேன்.

"தீதி, பாரிஷ் ஆ கயா! இங்க மழை வந்தாச்சு. இப்ப சொல்லு."

தகரத்தடியில் போய் நின்றுகொண்டேன். போனுக்குள்ளும் மழைச் சத்தம், வெளியிலும் மழைச் சத்தம். என் நிலத்தில் விழுகிற மழை காதுக்குள் கேட்டது.

"நீயே உழு, ஹரேன்" என்றேன். "ஒரேயடியா வச்சுக்க."

"இன்னொண்ணு கேளு" என்று நானே தொடர்ந்தேன். "கெழக்கு வரப்புல, தாழம்புதருக்கு அடியில, மூணாவது தூருக்கு நேரா நண்டு வளை ஒண்ணு இருக்கு. பௌர்ணமி, அமாவாசைக்கு மொத நாளு அடைக்கணும். மறந்தா உப்பு ஏறிரும். இத்தன நாளா ஒங்கிட்ட வேணும்னேதான் சொல்லல. நான் கெட்டவ."

ஹரேன் மெதுவாகச் சொன்னான்.

"மாலூம் ஹை, தீதி. தெரியும். முப்பது வருஷமா நீ துணி எடுத்துட்டுக் கெழக்க போறது பாக்கறேனே. நீ போன பின்னாடி ஜனவரிலேர்ந்து நான்தான் அடைக்கறேன். ஒரு தடவகூட விடல." சிரித்தான். "நீ சொல்லுவியான்னு பாத்தேன்."

"அடப்பாவி!" என்றேன். தகரத்தடியிலேயே நின்று ஓவென்று அழுதேன், சிரித்தேன், அவனை வாய்க்கு வந்தபடி வைதேன். நான்கு மாதமாக நான் பெரிய பூட்டு என்று நினைத்து வைத்திருந்ததை அவன் மாதம் இரண்டு தடவை சேற்றில் மண்டிபோட்டு அடைத்திருக்கிறான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நந்தகுமார் வேலை விட்டு வந்து, மாடி வாசலிலேயே நின்று தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஹரேன்கிட்ட என்னம்மா சொன்ன?"

"உழச் சொல்லிட்டேன்."

அவன் முகம் என்னவோ போல ஆயிற்று. "நேத்து ஏதோ கோவத்துல..." என்று ஆரம்பித்தான்.

"சரி சரி, செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. பக்கெட்டப் பிடி" என்றேன்.

பாத்திரமெல்லாம் நிரம்பி, டேங்க்கும் பாதிக்கு மேல் ஏறியபோது மழை விட்டது. "இனி தொறந்து விட்ரலாமாக்கா?" என்று கேத்தரின் கேட்டாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குனிந்து, கிழக்குப் பக்கத்து ஓட்டையிலிருந்து சேலைத் துணியை உருவினேன். தண்ணீர் என் காலைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடியது.